பறங்கி நோயும் வாசர்மன் சோதனையும்

நோய்ப் பெயர்கள் பல அயலான்மீது பழிசுமத்தும் பெயர்களாகவே பிறந்துள்ளன. சிபிலிசை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ அதனை நேப்பிள்ஸ் நோய் என்றனர். 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய வடமொழி மருத்துவ நூல் அதனைப் 'பிரங்க ரோகம்' எனக் குறித்தது. தமிழிலும் பறங்கிப்புண் என்ற பெயர் வழங்கிற்று. ஆயின் இலங்கையில் 'பறங்கி' என்பது வேறொரு நோய்க்கு உரிய பெயராயிற்று. குளங்கள் தூர்ந்துபோன வன்னிக் கிராமங்களிலும் வடமத்திய மாகாணத்திலும் வறிய குடியானவர்களையும், சிறப்பாக அவர்தம் பிள்ளைகளையும், பற்றிய புண்நோய் அது. ஆங்கில மருத்துவர் 'யோஸ்' என்றது இதனையே. தோலோடு தோல் படுவதால் தொற்றுவது. பாலுறவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1881இல் குடியேற்ற அரசின் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி இதுபற்றித் தனி அறிக்கையொன்றையே வெளியிட்டார்.

1905இல் பேர்லினில் சௌடினும் ஹொஃப்மனும் சிபிலிசுப் புண்ணில் சுருளுருவான நுண்ணங்கியைக் கண்டனர். அதே ஆண்டில் கொழும்பில் பணியாற்றிய கஸ்தெல்லானி, பறங்கிப் புண்ணில் அதனை ஒத்த நுண்ணங்கியைக் கண்டார். நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டையும் வேறுபிரித்தறிய முடியவில்லை. அவற்றின் மரபணுத் தொகுதிகள் ஏறத்தாழ நூற்றுக்கு 0.2 வீதமே வேறுபடுகின்றன என்பதை நாம் அண்மைக் காலத்திலேயே அறிந்தோம்.

1906இல் வாசர்மன், நைசர், புறுக் ஆகியோர் சிபிலிசுக்கான குருதிச் சோதனையை வெளியிட்டனர். நோயுற்றிறந்த முதிர்கருவின் ஈரல்சாற்றை நோயாளியின் குருதித் தெளியத்துடன் சேர்த்து, பின்னர் இடப்படும் செங்குழியங்கள் சிதைகின்றனவா என்று பார்ப்பதே அதன் முறை. சிதையாதுவிடின் நோய் உண்டு எனக் கொள்ளப்பட்டது. நுண்ணங்கிக்கும் அதற்கெதிரான பொருளுக்கும் இடையே நிகழும் தாக்கத்தையே தாம் அளப்பதாக அவர்கள் நம்பினர். சில காலத்துள் நோயற்ற மாட்டின் இதயச்சாறும் அதே விளைவைத் தருவது தெரியவந்தது. கோட்பாடு வீழ்ந்தது, சோதனை நிலைத்தது! 1941இல் பாங்போர்ன் என்னும் அமெரிக்கப் பெண் ஆய்வாளர் மாட்டிதயத்திலிருந்து கார்டியோலிப்பின் என்ற கொழுப்பைப் பிரித்தெடுத்த பின்னரே சோதனையின் வேதியியல் அடிப்படை தெளிவாயிற்று. மலேரியாவும் தொழுநோயும்கூட இச்சோதனையில் நேர்விளைவு காட்டவல்லன. மலேரியா மலிந்திருந்த எமது வரண்ட வலயத்தில் இது சிறிய குறைபாடன்று.

இவ்வரலாற்றை முதன்முதலில் ஆழ்ந்து நோக்கியவர் லுவோவ் நகரைச் சேர்ந்த மருத்துவர் லுட்விக் ஃபிளெக். 1935இல் பாசலில் வெளிவந்த அவரது நூல் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1979இலேயே ஆங்கிலமாக்கப்பட்டது. தொடக்கத்தில் உறுதியான நோயாளருள் நூற்றுக்கு 15 முதல் 20 பேரிடமே நேர்விளைவு காட்டிய சோதனை, பின்னர் 70 முதல் 90 வரை உயர்ந்ததை அவர் எடுத்துக்காட்டினார். பெயரறியாத பல ஆய்வுகூடப் பணியாளர்களின் கூட்டுழைப்பும் கைப்பழக்கமுமே அவ்வுயர்வைத் தந்தன என்பது அவர் வாதம். சர்வதேச சங்கம் 1923, 1928 ஆகிய ஆண்டுகளில் கொப்பன்ஹேகனிலும், 1930இல் மொன்ரிவிடியோவிலும் ஆய்வாளரைக் கூட்டி முறைகளை ஒப்பிடச் செய்ய நேர்ந்ததும் இதனாலேயே.

இதிலிருந்து நோய் வெறும் கற்பிதம் என முடிவுசெய்வோரோடு நாம் உடன்படோம். நுண்ணங்கி மெய், 1943இல் பெனிசிலின் அதனை வென்றதும் மெய். தாயிடமிருந்து சேய்க்குச் சிபிலிசு தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தமைக்குக் கர்ப்பிணிகளின் குருதிச் சோதனையே அடிப்படை. எமது வினா வேறு: சோதனைக்குழாயில் தோன்றிய விளைவு எவ்வாறு ஒரு மனிதரின் நோய்ப்பெயராகிறது?

சர்வதேச நோய் வகைப்படுத்தலின் பத்தாந் திருத்தம் இதற்கு விடை தருகிறது. அதில் சிபிலிசு ஏ 50 முதல் ஏ 53 வரை, 'பெரும்பாலும் பாலுறவால் பரவும் தொற்றுகள்' என்ற தலைப்பின் கீழ் அமைந்துள்ளது. பறங்கி நோயாகிய ஏ 66 வேறு தலைப்பின் கீழ் வருகிறது. உறவினங்களான இரு நுண்ணங்கிகளை இங்கே பிரித்துவைப்பது அவற்றின் உடலமைப்பன்று, பரவும் வழியேயாகும். மேலும் ஏ 53.0 என்ற குறியீடு, குருதியில் நேர்விளைவு காணப்பட்டமையை மட்டுமே கொண்டும் இடப்படலாம். தவறான நேர்விளைவுக்கு ஆர் 76.2 என்ற தனிக் குறியீடும் உண்டு. ஆக, ஒரே குருதி, எழுதுவோர் கேட்டறிந்ததைப் பொறுத்து, மூன்று ஏடுகளுள் ஒன்றில் ஏறக்கூடும்.

நுண்ணங்கிக்கே உரியவை எனப் பின்னாளில் வந்த சோதனைகளும் சிபிலிசையும் பறங்கியையும் பிரித்தறிவதில்லை. சிகிச்சை பெற்று நலமடைந்தவரிடமும் அவை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நேர்விளைவு காட்டும். வன்னியில் பிறந்த முதியவள் ஒருத்தி கண்படலச் சத்திரசிகிச்சைக்கு முன் குருதி கொடுக்கிறாள் என்று கொள்வோம். அவளுடைய ஏட்டில் ஏ 53 எழுதப்படுமா, ஏ 66 எழுதப்படுமா என்பது, சிறுவயதில் காலிலே புண் இருந்ததா, எந்தக் கிராமத்தில் வளர்ந்தீர்கள் என்று எவரேனும் அவளிடம் கேட்கிறார்களா என்பதைப் பொறுத்தது.