பிரிட்டனின் தேசியப் பித்தளை இசைக்குழுப் போட்டி

பிரிட்டனின் பித்தளை இசைக்குழுக்கள் ஆண்டுதோறும் மோதும் இப்போட்டியை 1900இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் தொடங்கியவர் ஜான் ஹென்றி ஐல்ஸ். கார்னெட், ஹார்ன், யூஃபோனியம், டிராம்போன், டியூபா ஆகியவற்றோடு தாளக் கருவிகளும் கொண்ட இக்குழுக்களில் பெரும்பாலோர் சுரங்கம், ஆலை, பட்டறைத் தொழிலாளர்களாக இருந்தனர். ஒரு பிரிவின் எல்லாக் குழுக்களும் ஒரே படைப்பை வாசிக்க வேண்டும் என்பதே போட்டியின் அடிப்படை. வாசிக்கும் வரிசை குலுக்கலில் முடிவாகும். நடுவர்கள் மறைப்புக்குள் அமர்ந்து, வாசிப்பது யார் எனத் தெரியாமல், காதால் மட்டுமே மதிப்பிடுவர். கோப்பையை விட இந்தப் பொதுப் படைப்பு விதிதான் போட்டியின் பெரிய சாதனை. தொழிலாளர் குழுக்களுக்கென்று ஒரு தனி இசை இலக்கியம் உருவானது இதனால்தான்.

முதல் பித்தளை இசைக்குழு எது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. வேல்ஸின் பிளைனா, யார்க், ஸ்டேலிபிரிட்ஜ் மூன்றுக்கும் அந்த உரிமை கோரப்படுகிறது. போட்டிகளும் 1900க்கு முன்பே உண்டு: மான்செஸ்டர் பெல் வியூவில் 1853ஆம் ஆண்டிலிருந்தே போட்டி நடந்தது. எண்டர்பி ஜாக்சன் 1860இல் கிரிஸ்டல் பேலஸில் நடத்திய போட்டியையே முதல் தேசியப் போட்டி என்போரும் உண்டு. சலுகைக் கட்டண ரயில்களில் வந்திறங்கிய குழுக்களிலிருந்து 1,300க்கும் மேற்பட்டோர் அங்கு ஒன்றாக வாசித்தனர். எனினும் அது 1863க்குப் பின் தொடராததால், 1900ஐத் தொடக்கமாகக் கொள்வதே பொருத்தம்.

தொடக்க ஆண்டுகளில் வாசிக்கப்பட்டவை பெரும்பாலும் ஓபராக்களிலிருந்து தொகுத்த பகுதிகளே. 1900இல் சல்லிவனின் ஓபரா மெட்டுகள். 1913இல் பெர்சி ஃபிளெச்சரின் ‘லேபர் அண்ட் லவ்’ போட்டிக்கென்றே எழுதப்பட்டது. இத்துறையின் முதல் பெரிய சொந்தப் படைப்பாகப் பலரும் கருதுவது இதையே. அதன்பின் கதவு அகலத் திறந்தது: 1928இல் ஹோல்ஸ்ட், 1930இல் எல்கர், 1932இலும் 1934இலும் ஜான் அயர்லாந்து, 1936இல் பிளிஸ் என இசையமைப்பாளர்கள் போட்டிக்கு எழுதினர். எல்கர் தம் ‘செவர்ன் சூட்’டை பெர்னார்ட் ஷாவுக்குக் காணிக்கையாக்கினார்; ஷாவும் போட்டிக்கு நேரில் வந்து கேட்டார். அதன் கருவியமைப்பில் எல்கரின் பங்கு எவ்வளவு, அதில் அவருடன் பணிபுரிந்த ஹென்றி கீலின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதத்துக்குரியது. போட்டி இசையைப் பந்தயமாக்கிவிட்டது என்ற குறை பழையது. அதில் உண்மையும் உண்டு. ஒரே படைப்பை மாதக்கணக்கில் தேய்க்கும் குழு, பிழையின்மையையே இசையாக எண்ணிவிடலாம். ஆனால் எல்லாரும் வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், இத்தகைய கடினமான புதுப் படைப்புகளைச் சுரங்க ஊர்களின் பயிற்சிக் கூடங்கள் இவ்வளவு விரைவில் கற்றிருக்குமா என்பது ஐயமே. அக்காலக் குழுக்களின் தரமும் இதற்குச் சான்று. சவுத் ஷீல்ட்ஸின் செயின்ட் ஹில்டா நிலக்கரிச் சுரங்கக் குழு 1912, 1920, 1921, 1924, 1926 என ஐந்து முறை வென்றது; பின்னர் தொழில்முறைக் குழு எனக் கருதப்பட்டுப் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. நீராவி லாரி செய்த ஃபோடன் நிறுவனத்தின் குழு, பிரெட் மார்ட்டிமரின் தலைமையில் 1932 முதல் 1934 வரை தொடர்ந்து வென்றது. மூன்று முறை தொடர்ந்து வென்றால் ஓராண்டு விலகியிருக்க வேண்டும் என்ற விதிப்படி 1935இல் ஒதுங்கி, 1936 முதல் 1938 வரை மீண்டும் வென்றது. மார்ட்டிமரின் மகன்கள் மூவரும் அதே குழுவில் வாசித்தவர்கள்.

கிரிஸ்டல் பேலஸ் 1936 நவம்பர் 30 அன்று எரிந்தது. போட்டி அலெக்சாண்ட்ரா பேலஸுக்கும், 1945 முதல் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கும் மாறியது. வட்டாரத் தகுதிச் சுற்றுகளும் வந்தன. முதலாளிகளின் புரவலில்தான் இக்குழுக்கள் வாழ்ந்தன, இதைத் தொழிலாளர் கலை என்பது மிகை என்பர் சிலர். சீருடையும் கருவியும் நிறுவனம் தந்தவை என்பது மெய்யே. ஆனால் 1992 அக்டோபரில், கிரைம்தார்ப் சுரங்கம் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அவ்வூர்க் குழு தேசியப் பட்டம் வென்றது. 1993இல் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் குழு நிலைத்தது.