பழவேற்காட்டுக்குப் போகும் முன்

அடுத்த மாதம் முதுகலை மாணவியரோடு பழவேற்காடு போவதாக இருக்கிறோம். மீஞ்சூரிலிருந்து ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. தூரம் பெரிதில்லை. அங்கே எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பேச்சு நீள்கிறது.

எல்லோரும் சொல்வது டச்சுக் கல்லறை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே நுணுக்கமாகச் செதுக்கிய கல்வெட்டுகள். மாணவியர் படம் எடுப்பார்கள், எடுக்கட்டும். டச்சு வழக்கத்தில் மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. ஆனாலும் கல்லறைக் கல்லில் அவள் இன்னாரின் மனைவி என்றே அறியப்படுகிறாள்.

கல்லறைக்கு முந்தியது கோட்டை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கட்டி முடித்த கெல்ட்ரியா. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம். கோட்டை எழுந்த நாளில் இவ்வூர் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் ராணி ஒருவரின் வசம் இருந்தது. அனுமதிக்கும் வரிக்கும் டச்சுக்காரர்கள் அவரிடம்தான் பேச வேண்டியிருந்தது. அந்த ராணியின் பெயரோ நூலுக்கு நூல் வேறு விதமாக இருக்கிறது. கோட்டைக்குப் பெயர் தந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரில் மட்டும் யாருக்கும் குழப்பமில்லை!

1806இல் ஆங்கிலேயர் அதை இடித்தார்கள். இப்போது மேடும் புதரும் அகழியின் தடமும்தான். மாணவியர் ஏமாறுவார்கள் என்கிறார் உடன் வரும் தோழி. எனக்கு அந்தக் கவலை இல்லை. அந்த மேட்டில் நின்றுதான் 1622–23ஐப் பற்றிப் பேச வேண்டும். பஞ்ச காலம் அது. பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கணக்குப் புத்தகத்தில் அவர்கள் எண்ணிக்கை மட்டுமே. அரிசி இல்லாத வீட்டில் யாரை முதலில் விற்றார்கள், தாய் அப்போது என்ன சொன்னாள் என்பதை எந்த ஏடும் கேட்டு எழுதவில்லை. கல்லறையில் பெயரோடு படுத்திருப்பவர்களில் அந்தக் கம்பெனியின் அதிகாரிகள் உண்டு.

துணியின் கதையும் இப்படித்தான். மசாலாவை வாங்க இந்தக் கரையின் துணிதான் கிழக்குத் தீவுகளுக்குப் போனது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட லுங்கியை இன்றும் ‘காயின் பெலிகட்’ என்கிறார்கள். அந்தப் பெலிகட் நம் பழவேற்காடுதான். நெசவாளரின் தறிக்கு நூல் நூற்றுத் தந்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. கம்பெனி பேரம் பேசியது வணிகரோடு, முன்பணம் போய்ச் சேர்ந்தது நெசவாளருக்கு. நூற்றவள் அந்தக் கணக்கில் இல்லை.

இதையெல்லாம் யோசித்துத்தான் பயண வரிசையைத் தலைகீழாக மாற்றினோம். காலையில் முதலில் ஏரி. அங்கே மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்ற பழைய ஏற்பாடு உண்டு. பங்கு ஆண்களுக்கு மட்டும், அதுவும் குறிப்பிட்ட மீனவச் சமூகத்தவருக்கு. இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் பாடு கிடையாது. நானூறு ஆண்டு முன்பு இந்த உப்புநீரில் யார் எப்படிப் பிழைத்தார்கள் என்று யோசிக்க, கோட்டையைவிட இந்தக் கரையே நல்ல இடம். அதன்பின் கோட்டை மேடு. கல்லறை கடைசியில்.

மாணவியருக்குச் சில சொற்கள். கரையில் வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்கள் நேரம் அலையோடும் ஏலத்தோடும் ஓடுகிறது, நின்று பேச முடிந்தவர்களோடு மட்டும் பேசுங்கள். சுற்றுலாப் படகு வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கழிப்பறை எங்கே என்பதை முன்கூட்டி விசாரித்து வைக்கிறோம், வரலாற்றுச் சுற்றுலாக் கையேடுகள் எழுதிய ஆண்களுக்கு இது தோன்றியதே இல்லை.

மழைக்கு முன் போய்வர வேண்டும். புதர் இன்னும் அடர்ந்துவிட்டால் அகழி இருந்த கோட்டைக் கண்டுபிடிப்பது சிரமம்.