பாதிரியார் தேடியதும் எழுதிவைத்ததும்

நீலகிரியின் வரலாற்றைக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறிய 1819இலிருந்து தொடங்குவதே வழக்கம். அதற்கு முன் அங்கு வாழ்ந்த தோடரையும் படகரையும் பற்றி எவரேனும் எழுதிவைத்திருக்கிறார்களா? இந்தக் கேள்விதான் என்னை மிஷனரி ஆவணங்களுக்குள் இழுத்துச் சென்றது.

முதல் தடயம் ஒரு பின்னிணைப்பில் கிடைத்தது. மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட 'தி தோடாஸ்' நூலின் கடைசிப் பக்கங்களில் 1603ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. எழுதியவர் கோழிக்கோட்டிலிருந்த சேசு சபைப் பாதிரியார் ஃபெனிசியோ. போர்த்துகீசிய மூலம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தது. சல்லிவனுக்கு 216 ஆண்டுகள் முந்திய சாட்சியம் இது!

அவர் ஏன் மலையேறினார்? வழிதவறிப்போன பழைய கிறிஸ்தவர்கள் மலைமேல் வாழ்வதாக மலபாரில் பேச்சு இருந்தது. அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஃபெனிசியோவின் பயணத்துக்கு முந்தைய ஆண்டே ஆள் அனுப்பிப் பார்த்திருந்தார். ஃபெனிசியோ தேடிய கிறிஸ்தவர்கள் அங்கே இல்லை. எருமையை நம்பி வாழும் தோடரைக் கண்டார். அவர்களுடைய பூசாரியோடு பேசினார். சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கத்தைக் குறித்துக்கொண்டார். படகரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். படகர் எப்போது மலையில் குடியேறினார்கள் என்ற நெடிய விவாதத்துக்கு இந்தக் கடிதம் ஓர் எல்லைக்கல்: 1603இல் அவர்கள் அங்கே ஊர் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

இந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்? மலபார் மக்களின் சமயம் பற்றிப் பெயரில்லாத கையெழுத்துப் படி ஒன்று லண்டனில் கிடந்தது. அதை எழுதியவர் ஃபெனிசியோவே என்று நிறுவி, 1933இல் பதிப்பித்தார் ஸ்வீடன் அறிஞர் யார்ல் ஷார்பென்டியர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய டச்சுப் பாதிரியார் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலுக்கு அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டார் என்பதையும் ஷார்பென்டியரே காட்டினார். கண்டதையும் கேட்டதையும் பொறுமையாகப் பதிந்துவைக்கும் பழக்கம் ஃபெனிசியோவுக்கு இருந்தது என்பதற்கு அந்தப் பெரிய நூலே சான்று.

அடுத்த தடம் நீலகிரியிலேயே உள்ள கேத்திக்கு இட்டுச் சென்றது. ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரி காசமேஜரின் ஆதரவில் 1846இல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் அங்கே பணியைத் தொடங்கியது. 1849இல் இறந்த அவர் தம் சொத்தை மிஷனுக்கே விட்டுச்சென்றார். படகர் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் கன்னடம் கற்பிக்கப்பட்டது. மிஷனரிகளுக்கு மங்களூர்ப் பக்கத்தில் பழகிய மொழி அது, படகர் பேச்சுக்கும் நெருக்கமானது. ஆனால் முதல் படகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல்தான். அந்த 12 ஆண்டு இடைவெளியைப் படகர் தந்த பதிலாகவே நான் படிக்கிறேன். எழுத்தைக் கற்றுக்கொள்வது வேறு, குலவழிபாட்டை விடுவது வேறு என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். ஊர் ஊராக நடந்த மிஷனரி மெட்ஸும் மலைமக்களின் சடங்குகளைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதன் இரண்டாம் பதிப்பு 1864இல் மங்களூரில் அச்சானது.

மூன்றாவது தடயத்துக்கு ரிவர்ஸின் நூலுக்கே திரும்ப வேண்டியிருந்தது. தோடரிடம் அவர் பேசியதை மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் சாமுவேல், பெண்களிடையே பணியாற்றிய செனானா மிஷனின் உபதேசியார். மதம் பரப்ப வந்தவரின் வாய்வழியாகவே தோடர் கோயிலாகப் போற்றும் பால்மனைகளின் சடங்குகள் பல உலகுக்குப் போய்ச் சேர்ந்தன.

தேடி வந்தது ஒன்று, எழுதிவைத்தது வேறொன்று. இந்த மூன்று தடங்களும் காட்டுவது அதைத்தான். மிஷனரிகளின் நோக்கத்தை ஏற்காதவர்களும் இந்தத் தாள்களை ஒதுக்கிவிட முடியாது. அவற்றை மட்டும் நம்பி வரலாறு எழுதவும் கூடாது. பாடம் சொன்னவரின் அறிக்கை பாசலில் இருக்கிறது. படித்த பிள்ளையின் கதை கேத்தி வீடுகளில்தான் தேடப்பட வேண்டும். பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ள அறிக்கைகள் தமிழுக்கு வரட்டும். அவற்றின் படிகள் உதகைக்கு அருகே முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் இருக்கட்டும். தங்களைப் பற்றி எழுதப்பட்டதைச் சரிபார்க்கவும் மறுக்கவும் முதல் உரிமை மலைமக்களுக்கே உண்டு.