சீயம், சிங்கு, லெவ்: ஆண் பெயர்களும் அவற்றின் பொருளும்

சீயம் என்பது சிங்கத்தைக் குறிக்கும் பழஞ்சொல். வடமொழியின் சிம்மம் தமிழ் நாவில் சிங்கமாகவும் சீயமாகவும் திரிந்தது. செஞ்சிப் பகுதியில், தேசூருக்கு அருகேயுள்ள சீயமங்கலம் அச்சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. அவ்வூர்க் குடைவரைக் கோயில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது. தூணில் பொறிக்கப்பட்ட வடமொழிக் கல்வெட்டு அரசனை லலிதாங்குரன் என்றும் கோயிலை அவனிபாஜன பல்லவேசுவரம் என்றும் குறிக்கிறது. முன்னது எழில்மிகு இளந்தளிர் எனப் பொருள்படும். பின்னதில் உள்ள அவனிபாஜனன் என்பது புவியைத் தாங்கும் கலம் எனப் பொருள்படும்.

மகேந்திரன் பெயர்களில் தீராத வேட்கை கொண்டவன். மண்டகப்பட்டில் அவன் விசித்திரசித்தன்; தளவானூரில் சத்துருமல்லன். செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரையிலோ பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் எனப் பட்டங்கள் தமிழ் எழுத்தில் அணிவகுத்து நிற்கின்றன. பகாப்பிடுகு என்றால் பிளக்க இயலாத இடி. தந்தை சிம்மவிஷ்ணு, மகன் நரசிம்மவர்மன். இரு சிங்கங்களுக்கு இடையே மாபெரும் இந்திரனாக நின்றவன் இவன்.

இப்பெயர்கள் எல்லாம் அரசன் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவை, அல்லது அவையோர் சூட்டியவை. ஊர் மக்கள் அவனை எவ்வாறு அழைத்தனர்? செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல் விடை சொல்கிறது. அக்கல்லில் அவன் மயீந்திரபருமன். மகேந்திரன் மயீந்திரனானான், வர்மன் பருமனானான். அவனது 34-ஆம் ஆட்சியாண்டில், எருமை நிரையைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரும் அதில் உண்டு. பேரரசனின் பெயரைத் தன் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்ட ஊர், வீரனின் பெயரையும் நாயின் பெயரையும் கல்லில் ஏற்றி வைத்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் இதே நிலத்தில் மீண்டும் ஒரு சிங்கப் பெயர் வந்தது. செஞ்சிக் கோட்டையை ஆண்ட புந்தேல இராசபுத்திரர் சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங். ஒளிமிக்க சிங்கம் எனப் பொருள். 1714 அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானோடு பொருது, 22 வயதில் மாண்டான். ஆட்சி சில மாதங்களே. எனினும் கதைப்பாடல் அவனைத் தேசிங்குராசன் ஆக்கிற்று. வடமொழித் தேஜஸ் தமிழில் முன்பே தேசு என வழங்கியது. ஆகவே தேசிங்கு என்னும் வடிவில் ஒளியும் சிங்கமும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றிக் கலந்தன. வரலாற்று நூல்கள் மகபத்கான் எனக் குறிக்கும் அவனது தோழன், கதைப்பாடலில் மோவுத்துக்காரன். கான் என்னும் பட்டம், வண்டிக்காரன், வேலைக்காரன் என்பவற்றில் வரும் நம் காரனாகவே ஆகிவிட்டது. பொருள் அறியாமல் நேர்ந்த திரிபு என்று இதைத் தள்ளிவிடலாகாது. அயல்நாட்டான் ஒருவனைத் தம்மவனாக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. உக்ரைன் நாட்டு ஆண் பெயர்களைப் பார்ப்போருக்கு நம் ஊர்ப் பெயர்ப் பட்டியலே நினைவுக்கு வரும். லெவ் என்றால் சிங்கம். கலீசிய அரசன் தனிலோ தன் மகன் லெவின் பெயரால் அமைத்த நகரமே லிவீவ். 1256-இல் முதன்முதல் குறிக்கப்படுகிறது. சீயமங்கலமும் செஞ்சியை ஒட்டிய சிங்கவரமும் அதற்கு உறவுமுறை ஊர்கள் எனலாம். யாரொஸ்லாவ் என்பதில் வீறும் புகழும் சேர்ந்துள்ளன. பொஹ்தான் என்றால் இறைவன் தந்தவன், நம் தேவதத்தன். இவான், பாவ்லோ ஆகியவை கிறித்தவத்தோடு சென்றவை. நம் கத்தோலிக்கர் அவ்விரு பெயர்களையும் ஒலியாகக் கொள்ளாது பொருளாகக் கொண்டனர். இறைவன் அருளினான் எனும் எபிரேயப் பெயர் அருளப்பன் ஆயிற்று. சிறியவன் எனும் இலத்தீன் பெயர் சின்னப்பன் ஆயிற்று. செஞ்சிப் பக்கத்து அருளப்பனும் கீவ் நகரத்து இவானும் ஒரே பெயரினர்.

வொலொதிமிர் என்னும் பெயரின் கதை இவ்வளவு இனிதன்று. ஆளுதல் என்னும் வினையடி அதன் முற்பகுதி. பெருமை என்றிருந்த பிற்பகுதியைப் பின்னாளில் அமைதி, உலகம் எனக் கொண்டனர். ஏறக்குறைய அவனிபாஜனனேதான். 988-இல் கிறித்தவம் தழுவிய கீவ் அரசன் இப்பெயரினன். உக்ரைனியர் நாவில் அவன் வொலொதிமிர், உருசியர் நாவில் விளாதிமிர். கீவில் அவனுக்கு 1853-இல் சிலை எழுந்தது. மாஸ்கோவில் 2016-இல் எழுந்தது. 2022-இல் பெரும்போர் மூண்டபோது இரு நாடுகளின் தலைவர்களும் அவன் பெயரையே தாங்கியிருந்தனர். ஒலி வேறுபாடு அங்கே எவர் மண் என்னும் கேள்வியாகி நிற்கிறது. அமைதி எனப் பொருள் கூறும் அகராதி அங்கு எவருக்கும் உதவவில்லை.

இன்று நம்மிடையே குழந்தைக்குப் பெயர் தேடுவோர் முதலில் எண் கணிதம் பார்க்கின்றனர்; பிறகு பொருள் கேட்கின்றனர். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஷ் என்று முடியும் பெயர்கள் ஆண்டுதோறும் பெருகுகின்றன. அவற்றிற் பலவற்றின் பொருள் அதைத் தாங்கும் மாணவருக்கே தெரியாது. அதைக் குறையென்று நான் கருதவில்லை; தேசிங்கின் பொருளும் பாடியவர்க்குத் தெரிந்திராது. கவலை வேறு. தேஜ்சிங்கைத் தேசிங்காக்கிய நாவு, மயீந்திரபருமன் என்று கல்லில் எழுதத் துணிந்த நாவு, இன்று ஒரு பெயரைத் தன் ஒலிக்கு வளைக்கக் கூசுகிறது. தாத்தாவும் பாட்டியும் தம் பேரனின் பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாமல் தம்பி என்றழைத்து ஒதுங்கும் வீடுகள் எத்தனை!

சீயமங்கலத்து இறைவன் வடமொழியில் ஸ்தம்பேசுவரர். தமிழில் தூணாண்டார். அவனிபாஜனன் என்னும் பட்டத்தைக் கல்வெட்டு ஆய்வாளர் மட்டுமே இன்று அறிவர். அப்பட்டத்தைத் தாங்கிய தூணோ ஊராரின் வாயில் கடவுளின் பெயராகவே நிலைத்துவிட்டது.