திருச்சி - பலாலி: 183 கிலோமீட்டர், நாற்பது சொச்சம் வருஷம்

திருவையாற்றுக்காரங்களுக்கு ஏரோப்ளேன் என்றால் திருச்சிதான். சரி, ஒரு கேள்வி. திருச்சியிலிருந்து பக்கத்து வெளிநாட்டு விமான நிலையம் எது? கொழும்புன்னு சொல்லத் தோணும். கிடையாது. யாழ்ப்பாணத்துப் பலாலி!

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் திருச்சி - பலாலி சுமார் 183 கி.மீ. திருச்சி - சென்னை சுமார் 290. அதாவது, நமக்குச் சென்னையை விட யாழ்ப்பாணம் கிட்டத்தில் இருக்கு. மணிக்கு 500 கி.மீ. போகும் ஏடிஆர் விமானத்துக்கு இது இருபத்தி சொச்சம் நிமிஷக் கணக்கு. ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுவாங்க.

இந்த வான்வழி புதுசு இல்லை. 1938-லேயே டாடாவின் தபால் விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு ரத்மலானைக்குப் போனது. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோனின் முதல் பயணமே ரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான், டகோட்டா விமானத்தில். பிறகு பலாலி - திருச்சிக்கும் ஏர் சிலோன் ஓடியது. நம்ம பக்கத்து நாயனக்காரர்கள் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கப் போனதும், அங்கிருந்து யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி தவிலோடு இங்கே வந்து பேர் வாங்கியதும் அந்தக் காலம்தான்.

1970-களின் கடைசியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. அப்புறம் 1983, போர். பலாலி ராணுவத் தளமாச்சு. 1990-ல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு சனங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்ப வேண்டியதாச்சு.

இப்போ தூரத்தைக் கூட்டிப் பாருங்க. திருச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான்வழி சுமார் 415 கி.மீ. அங்கிருந்து திரும்ப வடக்கே தரைவழி இன்னொரு 370 சொச்சம். 183 கி.மீ. போக வேண்டிய ஆள் கிட்டத்தட்ட 800 கி.மீ. சுத்தணும்! அதுவும் ஏ-9 சாலை திறந்திருந்தால். 1990-லிருந்து 2002 வரை அது மூடிக் கிடந்தது. 2006-ல் மறுபடி மூடினாங்க.

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு அகதிகள் முகாம் இருக்கு. அங்கே வளர்ந்த பிள்ளைகள் தலைக்கு மேலே கொழும்பு விமானம், சிங்கப்பூர் விமானம் எல்லாம் பறந்ததைப் பார்த்தவர்கள். சொந்த மண்ணுக்குப் போகும் விமானம் மட்டும் அதில் கிடையாது.

2019 அக்டோபர் 17-ல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் வந்தது. 2020-ல் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2025 மார்ச் 30-ல் இண்டிகோ திருச்சியிலிருந்தே பலாலிக்குப் பறந்தது.

இடையில் ஓடிப்போனது நாற்பது வருஷத்துக்கும் மேலே. கடல் அகலமாகவில்லை, விமானமும் மெதுவாகப் பறக்கவில்லை. முகாமிலேயே காத்திருந்து கண்ணை மூடினவங்களுக்கு அந்த ஒரு மணி நேரப் பயணம் கிடைக்கவே இல்லை. இனியாவது அட்டவணையில் அந்த ஒரு வரி அழியாம இருக்கணும்.