சுழி என்னும் சொல்

அருப்புக்கோட்டையை அடுத்த வறண்ட நிலத்தில், நீர்ச்சுழலைப் பெயராகத் தாங்கி நிற்கிறது திருச்சுழி. சுந்தரர் தேவாரத்தில் இவ்வூர் திருச்சுழியல். பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் செலுத்தினார் என்கிறது தலபுராணம். தண்ணீருக்கு ஏங்கும் ஊருக்குப் புராணிகர் பின்னாளில் ஒட்டவைத்த பொருள் இது என்று மறுக்கலாம். மாடு பிடிக்கப் போனால் பார்க்கும் சுழி, பிள்ளையார் சுழி, பூஜ்யமான சுழி என்று வேறு பொருள்களும் இருக்கின்றனவே. ஆனால் மலையாளத்தில் சுழி, கன்னடத்தில் சுளி, தெலுங்கில் சுடி: மூன்றுக்கும் நீர்ச்சுழல் பொதுப்பொருள். இனமொழிகள் சேர்ந்து காத்த பொருளைப் பழையதென்று கொள்வதே முறை. எழுத்தின் வளைவும் எண்ணின் வட்டமும் பிறகு வந்து சேர்ந்தவை.

வறட்சி இதற்குத் தடையாகாது. ஊரை ஒட்டிய குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடந்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கலங்கிப் பெருகும் ஆறு. அந்தச் சில நாள் வெள்ளமே இவ்வூருக்குப் பெயராயிற்று என்பது என் துணிபு.