பத்மநாபபுரம் அரண்மனை: பாதுகாப்பும் பொதுப்பயனும்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அண்மையில், வேளிமலை அடிவாரத்தில் அமைந்துள்ளது பத்மநாபபுரம் அரண்மனை. கல்குளம் என்பது இவ்வூரின் பழம்பெயர். மார்த்தாண்டவர்மர் (1729-1758) காலத்தில் இப்பெயர் மாற்றம் பெற்றது. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டபின் அரண்மனையின் அரசியல் முதன்மை குறைந்தது. தமிழில் நெற்களஞ்சியத்தைக் குறிக்கும் ‘கொட்டாரம்’ என்னும் சொல் இப்பகுதி வழக்கில் அரண்மனையைக் குறிப்பது சொல்லாய்வாளர் கருதத்தக்கது.

திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில், 1930களின் நடுப்பகுதியில், தொல்லியல் துறைத் தலைவர் ஆர். வாசுதேவப் பொதுவாள் மேற்பார்வையில் இவ்வரண்மனை புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது. அரசகுடியின் உறைவிடம் மக்கள் காணும் இடமாக மாறியது அப்பொழுதே எனலாம். 1956 நவம்பர் 1-இல் கல்குளம் வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அரண்மனையோ கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தொடர்கின்றது. நிலம் ஒரு மாநிலத்தினது, கட்டடப் பராமரிப்பு மற்றொரு மாநிலத்தினது என்னும் இந்நிலை குறித்துத் தமிழ் அறிஞரிடையே மனக்குறை உண்டு. எனினும், உரிமை யாருடையது என்பதினும் சுற்றுப்புறத்தைக் காப்பவர் யார் என்பதே முதன்மையான வினாவாகும். அரண்மனை மதிலுக்கு வெளியே கோட்டைச் சுவரும் பழந்தெருக்களும் உள்ளன. அவை தமிழ்நாட்டு நிருவாகத்திற்கு உட்பட்டவை. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அரண்மனை இடம்பெற்றது. உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்பதற்குச் சின்னத்தைச் சூழ்ந்த பகுதியின் காப்பும் கருதப்படும் ஆதலின், இரு மாநிலங்களும் இசைந்து செயற்பட வேண்டியுள்ளது.

கட்டடத்தின் இயல்பும் பாதுகாப்பைக் கடினமாக்குகின்றது. தாய்க்கொட்டாரம், மந்திரசாலை, உப்பிரிக்கை மாளிகை ஆகியன பெரிதும் மரத்தாலும் ஓட்டாலும் ஆனவை. கருங்கல்லால் அமைந்த நவராத்திரி மண்டபம் ஒரு விதிவிலக்கு. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு முதலியவற்றால் அமைந்தது எனக் கூறப்படும் கருந்தளம் இன்றும் கண்ணாடிபோல் பளபளக்கின்றது. நாள்தோறும் நடப்போரின் கால்களே அதற்குத் தேய்மானம். கரையானும் இருபருவ மழையின் ஈரமும் மரத்திற்குப் பகை. உப்பிரிக்கை மாளிகையின் மேல்தளச் சுவரோவியங்கள் பொதுவாகப் பார்வையாளர்க்குத் திறக்கப்படுவதில்லை. மக்களுக்காகக் காக்கப்படுவது மக்கள் கண்ணில் படாதிருத்தல் முரணே. ஆயினும் குறுகிய மரப்படிகளையும் மூச்சின் ஈரம் தாங்காத வண்ணங்களையும் நோக்க, அத்தடையைக் குறைகூற இயலாது. அவ்வோவியங்களின் தரமான ஒளிப்படங்களைக் கீழ்த்தளத்தில் காட்சிப்படுத்துவது ஓரளவு ஈடாகும்.

இவ்வரண்மனை வெறும் காட்சிப்பொருளன்று. கம்பர் வழிபட்டது என மரபு கூறும் சரசுவதி திருவுருவம் இவ்வளாகக் கோயிலில் உள்ளது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை திருவுருவங்களோடு அதுவும் திருவனந்தபுரம் செல்கின்றது. அரண்மனையில் உடைவாள் கைமாற்றும் சடங்கு நிகழ்ந்தபின்னரே ஊர்வலம் புறப்படும். இரு மாநில அரசுகளின் சார்பினரும் அதில் பங்கேற்கின்றனர். எல்லைக்குக் காவலர் அணிவகுப்போடு சென்று வழியனுப்பி, விழா முடிந்ததும் திருவுருவங்களை மீண்டும் வரவேற்கின்றனர்.